புள்ளி கையில், கிருமி குடலில்

சிங்கப்பூர்ப் பாலர் பள்ளி வாசலில் காலையில் நடக்கும் சோதனையைப் பெற்றோர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். முதலில் வெப்பமானி. பிறகு "கையைக் காட்டு" என்று ஆசிரியர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் "ஆ" சொல்லச் சொல்லி வாய்க்குள் டார்ச் அடிப்பார். சிவப்பாக ஒரு புள்ளி தென்பட்டால் போதும், பிள்ளை வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அன்றைய வேலை போச்சு. ஏழு வயதுக்குட்பட்ட, சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு கிடைக்கிறது. கை, கால், வாய் நோய் ஒருமுறை வந்துபோனால் அதில் பெரும்பகுதி காலி.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் உண்டு. 1997இல் சரவாக்கிலும், 1998இல் தைவானிலும் இந்த நோய் பரவியபோது பல சிறு பிள்ளைகள் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் முறை வந்தது. இரண்டே மாதங்களில் 3,790 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் 3 பிள்ளைகள் இறந்தார்கள். பாலர் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து, இந்த நோயைக் கண்டால் சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறிப்போகும் நோய். பெற்றோரின் கண் போகும் இடந்தான் கொஞ்சம் தப்பு. உள்ளங்கையிலும் பாதத்திலும் உள்ள கொப்புளங்களைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவோம், எத்தனை புதிதாக வந்திருக்கிறது என்று எண்ணுவோம். அந்தக் கொப்புளங்களால் பிள்ளைக்குப் பெரிய தொல்லை எதுவும் கிடையாது. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: வாய், டயப்பர்.

இந்த நோயைத் தருவது ஒரே வைரஸ் இல்லை. என்டரோவைரஸ் என்ற பெரிய குடும்பத்தில் பல உறுப்பினர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, என்டரோவைரஸ் ஏ71 ஆகிய மூன்றும் அதிகம் அடிபடும் பெயர்கள். இளம்பிள்ளை வாதத்தைத் தரும் போலியோ வைரஸ் இவற்றுக்கு நெருங்கிய உறவு. எல்லாம் குடலில் குடியிருக்கும் கூட்டம்.

சளிக்காய்ச்சல் வைரஸுக்கும் கொரோனா வைரஸுக்கும் மேலே கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று இருக்கும். என்டரோவைரஸ் மட்டை உரித்த தேங்காய் மாதிரி. மேலுறை கிடையாது, கெட்டியான புரத ஓடு மட்டுந்தான். குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இந்தப் புரத ஓடு வயிற்று அமிலத்தில் கரைவதில்லை. எனவே வாய்வழி போன கிருமி பத்திரமாகக் குடலைச் சேர்ந்துவிடும். சாராயக் கலவையான கைச்சுத்திகரிப்பான் முதலில் தாக்குவது கொழுப்பு உறையைத்தான். உறையே இல்லாத கிருமியிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது. கோவிட் காலத்தில் பழகிய பழக்கத்தில் இன்னும் பலர் டயப்பர் மாற்றிவிட்டு இரண்டு சொட்டு ஜெல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். இந்த நோய்க்கு அது போதாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். அப்போது கிருமி செத்ததோ இல்லையோ, கையை விட்டுப் போய்விடும். பொம்மைகளையும் டயப்பர் மாற்றும் மேசையையும் முதலில் அழுக்குப் போகத் துடைத்து, பிறகு குளோரின் கலந்த பிளீச்சைப் பாட்டிலில் சொன்ன அளவில் நீர் சேர்த்துத் துடைப்பது நல்லது.

உள்ளே போன வைரஸ் தொண்டையிலும் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருகி, பிறகு ரத்தத்தில் இறங்கும். தொற்றிய நாளிலிருந்து காய்ச்சல் வரும்வரை பொதுவாக 3 முதல் 7 நாள். ரத்தத்தோடு போய்த் தோலின் மேலடுக்குச் செல்களில் இறங்கிப் பெருகும்போது அந்தச் செல்கள் சாகின்றன. அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம். கையிலும் காலிலும் தோல் தடிமன் என்பதால் அது உடையாமல், சாம்பல் பூத்த நீள்வட்டமாக நின்று, நாலைந்து நாளில் காய்ந்துவிடும்.

வாய்க்குள் அப்படியில்லை. அங்கே தோல் மெல்லியது, எப்போதும் ஈரம், நாக்கு ஓயாமல் உரசும். கொப்புளம் வந்த வேகத்தில் கிழிந்து புண்ணாகும். அடியிலிருக்கும் நரம்பு நுனிகள் திறந்துகிடக்க, எச்சில் விழுங்குவதே எரிச்சல். பிள்ளை எச்சிலை ஒழுகவிடும், பால் புட்டியைப் பார்த்ததும் அழும், ஆசையாக வாங்கி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வீசியெறியும். பாட்டிகள் இதைப் பசியில்லை என்பார்கள். பசி இருக்கிறது, விழுங்கத்தான் முடியவில்லை.

கிளினிக்கிலிருந்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி அனுப்பப்படும் பிள்ளைகளில் பலர் இந்தக் காரணத்தால்தான் போகிறார்கள்: உடலில் நீர் வற்றிப்போகிறது. 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பால், கஞ்சி, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 1 லிட்டர் நீர் தேவை. காய்ச்சல் அடித்தால் இன்னும் கொஞ்சம். அதை ஒரேயடியாகக் குடிக்கவைக்க முயன்றால் தோல்விதான். மருந்துச் சிரிஞ்சில் 5 மில்லி எடுத்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு மணி நேரத்தில் 60 மில்லி உள்ளே போய்விடும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் நடக்கிற வேலை.

குளிர்ச்சி நரம்பைச் சற்று மரக்கச் செய்யும். குளிர்ந்த பால், ஆறிய அரிசிக் கஞ்சி, மோர், பார்லி, ஐஸ்கிரீம் எல்லாம் தரலாம். "காய்ச்சல்கார பிள்ளைக்கு ஐஸ்கிரீமா?" என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும், இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் உங்கள் பிள்ளையின் கட்சி. ரசமும் ஆரஞ்சுச் சாறும் வேண்டாம், புளிப்பும் மிளகும் புண்ணில் பட்டால் பிள்ளை அடுத்த வாய்க்கு உதட்டைத் திறக்காது. வாயில் தடவும் மரப்பு ஜெல்லை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள், அதிலும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. டாக்டர் அதைத் தராவிட்டால் அவர் அக்கறையில்லாதவர் என்று பொருளில்லை. இங்கே உதவுவது பாரசிட்டமால். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்தால் காய்ச்சல் இறங்குவதோடு வாய்வலியும் குறைந்து, ஏதோ கொஞ்சம் உள்ளே போகும். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கவனிக்க வேண்டியது பாட்டில். 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்துள்ள பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்கு முதல் பாட்டிலில் 5 மில்லி சரியான அளவு. அதே 5 மில்லியை இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றினால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டிவிடும். போன வருடம் அண்ணனுக்கு வாங்கியது அலமாரியில் இருக்கும், இப்போது தங்கைக்கு வாங்கியதும் பக்கத்தில் இருக்கும். நடுராத்திரியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. டெங்கியாக இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை ஐபுபுரோஃபெனும் வேண்டாம். அது ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

நம் வீடுகளில் வரும் இன்னொரு குழப்பம், "அம்மை போட்டிருக்கு" என்பது. தேக்காச் சந்தையிலிருந்து வேப்பிலை வந்துவிடும், குளியல் நின்றுவிடும், சில வீடுகளில் மருந்தும் நின்றுவிடும். காக்சாக்கி ஏ6 தரும் கொப்புளங்கள் பிட்டம், முழங்கை, வாயைச் சுற்றி என்று பரவி வருவதால் பார்வைக்குச் சின்னம்மை போலவே இருக்கும். பொதுவாகச் சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் முகத்திலும் நெருக்கமாகக் கிளம்பும், கடுமையாக அரிக்கும், புதுக் கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சின்னம்மைத் தடுப்பூசி 2020 நவம்பரிலிருந்து தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணையில் இருப்பதால், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். வேப்பிலையைத் தலைமாட்டில் வைப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. குளிப்பாட்டுங்கள், குடிக்கக் கொடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்? ஆறு முதல் எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு காய்ந்திருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. இன்னொரு வகை அறிகுறிகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஏ71. அது அபூர்வமாக மூளைத்தண்டைத் தொடும். அங்கேதான் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் நரம்புகள் இருக்கின்றன. தூக்கம் வரும் நேரத்தில் பிள்ளை திரும்பத் திரும்பத் திடுக்கிட்டுத் துள்ளுவது, நடையில் தள்ளாட்டம், கை நடுக்கம், நிற்காத வாந்தி, எழுப்பினாலும் சுணங்கிக் கிடப்பது, மூச்சு வாங்குவது, கைகால் சில்லிட்டுப்போவது, மூன்று நாளைத் தாண்டியும் இறங்காத கடும் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் பலதுறை மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவு இரவுபகலாக இயங்குகிறது. வலிப்பு வந்தாலோ மூச்சுத் திணறினாலோ ஆம்புலன்ஸுக்கு 995. கையில் எத்தனை கொப்புளம் என்பதற்கும் இந்த ஆபத்துக்கும் சம்பந்தமில்லை; ஒரு புள்ளிகூட இல்லாமலும் ஏ71 மூளையைத் தாக்கியதுண்டு.

பரவும் விதத்திலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, நடப்பது ஒன்று. முதல் வாரத்தில் எச்சில், சளி, கொப்புள நீர் எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். கொப்புளம் காய்ந்து, மருத்துவ விடுப்பு முடிந்து, பிள்ளை பள்ளிக்குத் திரும்பிய பிறகும் மலத்தில் பல வாரங்களுக்கு அது வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பிள்ளையை இரண்டு மாதம் வீட்டில் வைத்திருக்க முடியாது, தேவையும் இல்லை. டயப்பர் மாற்றுபவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை அந்த வாரங்களில் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் தொற்றும், பலருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. பணிப்பெண், தாத்தா, அம்மா யாராயிருந்தாலும் தாம் அறியாமலே அடுத்த பிள்ளைக்குக் கொண்டுபோகலாம்.

"போன வருடந்தானே வந்தது, மறுபடியுமா?" என்பது நியாயமான கேள்வி. ஏ16 வந்துபோன உடல் ஏ16ஐ அடையாளம் வைத்துக்கொள்ளும். ஏ6 வேறொரு முகத்தோடு வந்தால் அந்த நினைவு அவ்வளவாக உதவாது. சீனாவில் 2016 முதல் போடப்படும் தடுப்பூசிக்கும் இதே எல்லைதான்: ஆபத்தான ஏ71ஐ நன்றாகத் தடுக்கும், மற்றவற்றை விட்டுவிடும். சிங்கப்பூரின் சிறார் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை.

எல்லாம் முடிந்து மறந்தும்போன பிறகு, ஒரு மாதம் கழித்துப் பிள்ளையின் விரல் நகம் அடியிலிருந்து பிரிந்து வரலாம். ஏ6 வந்தபின் இப்படி நடப்பது அதிகம். 2008இல் பின்லாந்தில் நோய் பரவியபோது நகம் கழன்ற பிள்ளைகளை ஆராய்ந்துதான் இந்தத் தொடர்பு பரவலாகத் தெரியவந்தது. நோய் உச்சத்திலிருந்த நாள்களில் நகத்தின் வேர் சற்று நேரம் வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது. அந்த இடைவெளி நகம் வளர வளர மேலே ஏறி, கடைசியில் பழைய நகம் பிடிப்பில்லாமல் கழன்றுகொள்கிறது. வலிக்காது, சத்துக்குறைவும் அல்ல, கால்சியம் மருந்தும் தேவையில்லை. அடியில் புது நகம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். ஆடும் நுனி சட்டையில் மாட்டி இழுபடாதபடி ஒட்ட வெட்டிவிட்டு, தேவையென்றால் ஒரு பிளாஸ்திரி ஒட்டிப் பள்ளிக்கு அனுப்பலாம்.