ரவுட்டரில் டிஎம்இசட்டைத் தொடாதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கினால் எனக்கு வேலை கூடிவிடும். இம்முறை மேற்கு மாம்பலத்தில் கணக்காளர் ஒருவரின் வீடு. ஜிஎஸ்டி கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டு, திரையில் பணம் கேட்டு மிரட்டல். ரவுட்டரைத் திறந்து பார்த்தால் டிஎம்இசட் இயங்குகிறது; வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்புகளையும் ஒரே கணினிக்கு அப்படியே அனுப்பிவிடும் அமைப்பு இது. கணினியில் வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் அணைக்கப்பட்டிருக்கிறது. கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட், அதாவது அதன் எண்ணிட்ட வாசல், உலகத்துக்கே தெரிகிறது. நண்பர்களோடு டெராரியா என்ற கணினி விளையாட்டை விளையாட வேண்டும் என்று மகன் ஏதோ காணொளியைப் பார்த்துச் செய்த வேலை. எத்தனை வீடுகளில்தான் இதையே பார்ப்பது?

நண்பனால் இணைய முடியவில்லை என்றால் ஃபயர்வால்தான் குற்றவாளி என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் பெரும்பாலும் அவர்களுடைய சர்வரில் நடக்கின்றன. சிறு குழுக்களிடம் அதற்குக் காசு இருக்காது. விளையாடுபவர்களில் ஒருவரின் கணினியே சர்வராகிவிடும். மற்றவர்கள் அதைத் தேடி வர வேண்டும். ஆனால் இங்கே பல இணைப்புகளில் வீட்டு ரவுட்டருக்குச் சொந்தமாகப் பொது முகவரியே கிடையாது. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகளுக்குத் தட்டுப்பாடு. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். வீட்டு எண் இல்லாமல் அடுக்குமாடிக்கு ஒரு கடிதம் வந்தால் காவலாளி அதை யாரிடம் கொடுப்பார்? நீங்கள் டெராரியாவின் 7777 போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும், வெளியிலிருந்து வரும் அழைப்பு இணைய நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். ஃபயர்வாலை அணைப்பதால் அது ஓர் அங்குலம்கூட நகராது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்ற வரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் சிஜிநாட்தான். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது.

அந்த வீட்டில் பிறகு நடந்ததுதான் மோசம். பலனில்லை என்றதும் அப்பா காசு கட்டி நிலையான ஐபி, அதாவது வீட்டுக்கென்றே மாறாத பொது முகவரி, வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதுவரை செயலற்றுக் கிடந்த டிஎம்இசட்டுக்கு அன்றே உயிர் வந்துவிட்டது. 3389ஐத் தேடித் தானியங்கி நிரல்கள் இரவுபகலாக இணையத்தைத் துழாவுகின்றன. கடவுச்சொல்லோ மகனின் பிறந்தநாள்!

இத்தனைக்கும் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் டெராரியா வாங்கியவர்களுக்கு நண்பர்களை அழைக்கும் வசதி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்படி அழைத்தால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை. நேரடி வழி கிடைக்காவிட்டால் இருவரும் நடுவில் உள்ள ரிலே சர்வருக்கு வெளிநோக்கி இணைவார்கள். ரிலே என்றால் தாமதம் என்று முணுமுணுப்பவர்களுக்கு: சிங்கப்பூர் வழியாகச் சுற்றினாலும், கடலடிக் கேபிளில் ஒளி போய்வர ஏறத்தாழ 30 மில்லிவினாடிதான் கூடும். சண்டை விளையாட்டில் அது உறுத்தலாம். டெராரியாவில் சுரங்கம் தோண்டுபவனுக்கு என்ன அவசரம்?

டிஎம்இசட்டை இன்றே அணையுங்கள். ஃபயர்வாலை இயக்குங்கள். நிலையான ஐபி இருந்தால் விளையாட்டுக்குரிய ஒரு போர்ட்டை மட்டும் திறந்து, விடுமுறை முடிந்ததும் மூடுங்கள். அலுவலகக் கணினியில் விளையாட்டே வேண்டாம்.

விளையாட்டு உருவாக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டீம், அதுபோன்ற இன்னொரு கடையான எபிக் இரண்டுமே உங்களுக்கு ரிலே வசதி தருகின்றன. உதவிக் குறிப்பில் 'போர்ட்டைத் திறக்கவும்' என்று எழுதுவதற்கு முன் தயவுசெய்து அதைச் சேர்த்துவிடுங்கள்.