ஃபேன்டஸிக்குத் தமிழ் ‘கற்பனை’ அல்ல

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குத் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டிராகனும் மந்திரக்கோலும் வரைபடமும் உள்ள தடித்தடியான புத்தகங்கள்தான் அவளுக்கு உயிர். ஒரு கடையில் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் புரட்டிவிட்டுப் பின்னட்டையை என்னிடம் காட்டினாள். ‘இளம் வயதுவந்தோருக்கான கற்பனை நாவல்’ என்று அச்சாகியிருந்தது.

“அப்போ மத்த நாவல் எல்லாம் நிஜமாவே நடந்ததா, பெரியம்மா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவள். ‘ஃபேன்டஸி’ நிற்க வேண்டிய இடத்தில் ‘கற்பனை’ நிற்கும் தாள்கள் என் மேசைக்கு எத்தனையோ முறை வந்திருக்கின்றன. அடித்துத் திருத்தி அனுப்புவேன். அச்சில் பழையபடியே வரும். ஒரு பள்ளிக்கூடப் பெண் ஒரே கேள்வியில் உடைத்துவிட்ட சொல்லை நாம் இன்னும் எத்தனை அட்டையில் போடப்போகிறோம்?

ஃபேன்டஸி என்ற சொல்லின் பிறப்பில் பெரிய சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் ‘ஃபைனைன்’ என்றால் தோன்றச் செய்தல். அதன் வழியில் வந்த ‘ஃபன்டசியா’ மனத்துக்குள் தோன்றும் உருவைக் குறித்தது. ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இந்தப் பெயர் வந்தது, ஒளி இல்லாமல் காண முடியாதல்லவா என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய், அங்கே பாதி தேய்ந்து ‘ஃபேன்சி’ என்று இன்னொரு சொல்லும் ஆனது. ரங்கநாதன் தெருவில் வளையலும் கிளிப்பும் விற்கிற ஃபேன்சி ஸ்டோரில் இருப்பது இதே சொல்தான். ஒரு கதைவகையின் பெயராக அது நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டில். நம் உலகில் இல்லாததை, இருக்கவும் முடியாததை, அதற்கே உரிய விதிகளோடு இருப்பதாக நிறுத்திக் காட்டும் கதை என்பது அதன் பொருள். இந்த ‘விதிகளோடு’ என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, ‘கற்பனை’ ஏன் ஆகாது? வடசொல் என்பதற்காக அதை நான் எதிர்க்கவில்லை. ‘கல்பனா’விலிருந்து வந்து பல நூற்றாண்டுகளாக நம்மோடு குடியிருக்கிற சொல் அது. என் குறை தெளிவு பற்றியது. நம் வார இதழ்களில் எந்தக் கதை முடிந்தாலும் அடியில் அடைப்புக்குறிக்குள் ‘யாவும் கற்பனை’ என்று போடுவார்கள். மாமியார் மருமகள் கதைக்கும் அதுதான், துப்பறியும் கதைக்கும் அதுதான். படம் தொடங்கும்போது ‘பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே’ என்று வருகிறது. ஆக, இட்டுக்கட்டிய எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் கற்பனை. அதிலிருந்து ஒரு வகையை மட்டும் பிரித்துக் காட்ட அதே பெயரைக் கொடுத்தால், எதையும் பிரித்ததாக ஆகாது.

‘மாயாஜாலக் கதை’ என்பவர்களோடு எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. 1947 ஜூலையில் இதே சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவும், விட்டலாச்சார்யா படங்களும் அந்தச் சொல்லை நம் காதில் பதித்துவிட்டன. ஆனால் அது மந்திரவாதி, மண்டையோடு, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் ஒளித்த உயிர் என்ற கதைகளுக்குத்தான் பொருந்தும். மந்திரமே இல்லாத ஃபேன்டஸி நாவல்கள் உண்டு. இல்லாத ஒரு நாடு, இல்லாத ஓர் அரச வம்சம், இல்லாத ஒரு மொழி, அவ்வளவுதான். அதில் மாயமும் இல்லை, ஜாலமும் இல்லை.

இப்போது படித்தவர்கள் நடுவே செல்வாக்கோடு இருக்கும் சொல்லுக்கு வருகிறேன்: மிகுபுனைவு. எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதை விடாமல் எழுதுகிறார். மெய்ப்புத் தாளின் ஓரத்தில் எங்களுக்குள் இதற்காகவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. “புனைவுன்னாலே இல்லாததுதான், அதுல மிகுந்து போனது ஃபேன்டஸி, இதுல உங்களுக்கு என்னம்மா தகராறு?” என்பார்.

தகராறு ‘மிகு’வில் இருக்கிறது. அது அளவைச் சொல்லும் சொல். சைதாப்பேட்டையில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தாவை நாம் உண்டாக்கினோம். ஆனால் சைதாப்பேட்டை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே மின்சார ரயில் நிற்கும், பக்கத்தில் அடையாறு ஓடும், மே மாதம் புழுங்கும், அவன் கையிலிருக்கும் நோட்டுக்குக் கடையில் சாமான் கிடைக்கும். எழுதுகிறவர் இவற்றில் எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. ஃபேன்டஸி எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆறு எங்கே பிறக்கிறது, நாணயம் எந்த உலோகம், ஆண்டுக்கு எத்தனை மாதம், செத்தவர்களைப் புதைப்பார்களா எரிப்பார்களா, எல்லாமே அவர் பொறுப்பு. குமாஸ்தா கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக மிகுத்துக்கொண்டே போனால் இந்த இடத்துக்கு வந்துவிடலாமா? வர முடியாது. அந்தக் கதை மிகுந்தால் கிடைப்பது நெடுந்தொடர்.

இன்னொன்று. மிகுதலும் மிகையும் ஒரே வேர். தமிழில் ‘மிகை’ ஒரு குற்றச்சாட்டு. மிகை நடிப்பு, மிகையுணர்ச்சி, மிகைப்படுத்தல் என்று எல்லாம் வசவாகத்தான் வருகின்றன. பெயரிலேயே அந்த நிழலை வைத்துவிட்டு, ‘இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்’ என்று விமர்சகர்கள் ஒதுக்குவதை எப்படிக் குறை சொல்வது? உண்மையில் நல்ல ஃபேன்டஸி கட்டுப்பாட்டில் நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ க்வின் 1968-ல் வெளியிட்ட எர்த்ஸீ நாவலைப் பாருங்கள். இளையோருக்காக எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டு எழுதியது. தீவுக்கூட்டத்தின் வரைபடத்தை முதலில் வரைந்துகொண்டுதான் கதைக்குள் போனார். அந்த உலகில் ஒன்றின் மெய்ப்பெயர் தெரியாமல் அதன்மேல் மந்திரம் செல்லாது. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறண்டுபோகலாம் என்று குரு மாணவனை எச்சரிக்கிறார். இதில் மிகுந்தது எது? கைக்கும் வாய்க்கும் கணக்கு வைத்திருக்கிற உலகம் அது.

‘கனவுருப்புனைவு’ என்றும் இணையத்தில் எழுதுகிறார்கள். அழகான ஒலிதான். ஆனால் கனவுக்கு விதி கிடையாது. அதில் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் நின்றபடியே மதுரையில் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தவிர, நம் இலக்கியத்தில் கனவுக்கு வேறு வேலை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனா வரப்போவதன் அறிகுறி. ஆண்டாள் கண்ட கனா நிறைவேற வேண்டிய ஆசை. இரண்டும் இந்த உலகத்தைப் பற்றியவை. வேறோர் உலகத்தைக் கட்டி எழுப்புவது கனவின் வேலையாக நம்மிடம் இருந்ததில்லை.

அப்புறம் என்னதான் சொல்வது? எனக்கு விடை கிடைத்தது தங்கை மகளின் பழைய ஏழாம் வகுப்பு இலக்கணத்தில். உவமையணியின் ஒரு வகை இல்பொருள் உவமை, அதாவது உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்குவது. மாணவர்களுக்குச் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு: ‘காளை கொம்பு முளைத்த குதிரை போலப் பாய்ந்து வந்தது.’ கொம்பு முளைத்த குதிரை! அவள் அலமாரியில் பாதிப் புத்தகங்களின் அட்டையில் நிற்கும் அதே யூனிகார்ன். அவளிடம் காட்டியபோது துள்ளினாள். திருக்குறளில், அன்பில்லாத வாழ்க்கைக்கு உவமையாகப் பாலையில் வற்றல் மரம் தளிர்க்கிறதே, அதையும் இல்பொருள் உவமை என்பார்கள்.

இதே அணியிலக்கணம் உயர்வு நவிற்சியைத் தனியாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். ‘அவள் அழுத கண்ணீரில் ஊரே மூழ்கியது’ என்றால் உயர்வு நவிற்சி. கண்ணீரும் மெய், ஊரும் மெய், அளவு மட்டும்தான் பொய். கொம்பு முளைத்த குதிரையில் அளவுக்கே பேச்சில்லை, அப்படி ஒரு பொருளே கிடையாது. மிகுப்பது வேறு, இல்லாததை நிறுத்துவது வேறு என்று நம் முன்னோர் இரண்டு பெயர் வைத்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாம் அந்தப் பிரிவை அழித்துவிட்டு முதல் வகையின் பெயரை இரண்டாம் வகைக்கு ஒட்டுகிறோம். மிகுபுனைவோடு என் சண்டை முழுவதும் இதுதான்.

ஆகவே என் சொல்: இல்பொருள் புனைவு. அகப்பொருள் இலக்கணத்துக்கு எழுந்த பழைய உரையான இறையனார் களவியல் உரை, களவொழுக்கம், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதல், என்பது ‘இல்லது, இனியது, நல்லது என்று புலவரால் நாட்டப்பட்டது’ என்கிறது. இல்லதை இனியதாக நாட்டுவது கவியின் தொழில் என்று அவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதிவைத்த மொழியில், இதற்கொரு பெயர் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுருக்கமாக ‘இல்புனைவு’ என்றால் போதாதா என்று தங்கை மகள் கேட்டாள். போதாது. இல்பொருள் என்றால் இல்லாத பொருள். இல்புனைவு என்றால் புனைவு இல்லாதது என்று படிக்கத் தோன்றும், வாழ்க்கை வரலாற்று அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். ‘பொருள்’ அங்கே இருந்தே ஆக வேண்டும். பேச்சில் ஃபேன்டஸி என்று சொல்லிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழ்ச் சொல்லைவிடச் சரியாகப் புரியும் கடன்சொல் மேல்.

அந்த உலகங்களை ஆக்கும் வேலைக்கு ‘உலகக் கட்டுமானம்’ என்று எழுதுகிறார்கள். காதில் விழுந்ததுமே சிமெண்டும் ஜல்லியும் நினைவுக்கு வருகின்றன. இந்த வேலை எப்படிப்பட்டது என்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939-ல் ஓர் உரையில் பேசி, 1947-ல் கட்டுரையாக விரித்து வெளியிட்டார். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படி இருக்கிற உலகத்தை ஆக்குவதற்குத்தான் உழைப்பு வேண்டும் என்பது அவர் கருத்து. நம் தொல்காப்பியர் ‘தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ்’ என்று கருப்பொருளை வரிசைப்படுத்துகிறார். ஒரு நிலத்தைப் பாட்டில் நிறுத்த அதன் கடவுள், சாப்பாடு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், இசை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். புது உலகம் ஆக்க உட்காருகிற எந்த இளம் எழுத்தாளருக்கும் இந்த ஒரு நூற்பாவைக் கையில் கொடுப்பேன். சங்கப் பாட்டு ஃபேன்டஸி என்று நான் சொல்லவரவில்லை. உலகத்தை ஒழுங்கோடு ஆக்கும் வழி நமக்குப் புதிதல்ல என்கிறேன். பெயருக்கும் வெளியே போக வேண்டாம். கம்பன் தன் காவியத்தின் முதல் வரியிலேயே ‘உலகம் யாவையும் தாம் உளவாக்கலும்’ என்று தொடங்குகிறான். இல்லாதிருந்ததை உள்ளதாக்குவது உளவாக்கல். உலகாக்கம் என்று சொன்னால் போதும்.

பின்னட்டையின் முதல் பாதியை மறந்துவிடவில்லை. ‘இளம் வயதுவந்தோர்’ என்று எழுதியவர் ஆங்கிலத்தின் இரண்டு சொற்களுக்கு இரண்டு சொல்லை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். வயதுவந்தோர் என்றால் தமிழில் வயதுவந்தோர் கல்விதான் நினைவுக்கு வரும். அல்லது மஞ்சள் நீராட்டு. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள வாசகரைக் குறிக்க ‘இளையோர்’ என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

இதே கை உள்ளே என்ன செய்திருக்கும் என்று பயந்துகொண்டே புரட்டினேன். பயந்தபடியே இருந்தது. எல்ஃப் எல்லாம் ‘குட்டிச்சாத்தான்’ ஆகியிருந்தது. தமிழ்க் குரல் கொடுத்த படங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். நெடுநெடுவென்று வளர்ந்த, பாட்டும் வில்வித்தையும் தெரிந்த, மூப்பே அறியாத ஓர் இனத்தை மந்திரவாதி ஏவி விடும் குட்டிச்சாத்தான் என்றால், படிக்கிற பிள்ளைக்கு அந்த உலகம் அங்கேயே இடிந்து விழுந்துவிடாதா? டிராகனை யாளி ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். யாளி சிங்க முகத்தோடு நம் கோயில் தூணில் நிற்பது, நெருப்பு உமிழ்வதில்லை. எல்ஃபை எல்ஃப் என்றே விட்டுவிடலாம், டிராகனையும்தான். கதைக்குள்ளே எழுத்தாளர் சொல்லும் விதிகளே அவற்றை வாசகருக்கு அறிமுகம் செய்துவைக்கும்.

போன வாரம் அந்த மொழிபெயர்ப்பாளரின் புதுத் தாள்கள் வந்தன. முன்னுரையில் ஏழு இடத்தில் மிகுபுனைவு. ஏழையும் அடித்து, ஓரத்தில் இல்பொருள் புனைவு என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘கொம்பு முளைத்த குதிரை, ஏழாம் வகுப்பு இலக்கணம் பார்க்கவும்’ என்று குறிப்பு வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் தாள் திரும்பி வரவில்லை.