கடல் தந்த அவகாசம்

1918ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, 'டாலூன்' என்ற நீராவிக் கப்பல் தென் பசிபிக்கிலுள்ள மேற்குச் சமோவாவின் (இன்றைய சமோவா நாடு) ஆபியா துறைமுகத்தில் வந்து நின்றது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து அக்டோபர் 30ஆம் தேதி புறப்பட்ட கப்பல் அது. வழியில் ஃபிஜியைத் தொட்டபோது பயணிகளைக் கரையிறங்க விடவில்லை. நியூசிலாந்தில் இன்ஃபுளுவென்சா பரவிக்கொண்டிருந்ததால் அந்தக் கட்டுப்பாடு. ஆபியாவில் அப்படிக் கேட்பார் எவருமில்லை. காய்ச்சலில் துவண்டுபோயிருந்தவர்களும் இறங்கித் தங்கள் ஊர்களுக்குப் போனார்கள்.

மேற்குச் சமோவாவில் அன்று சுமார் 38,000 பேர் வாழ்ந்தார்கள். இரண்டே மாதங்களில் அவர்களில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்துபோனார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். 1918இன் அந்த இன்ஃபுளுவென்சாப் பெருந்தொற்றில் உலகிலேயே மிகக் கொடிய விகிதங்களுள் இதுவும் ஒன்று. கிழக்கே, நூறு கிலோமீட்டர்கூட இல்லாத கடல் இடைவெளியில் அமெரிக்கச் சமோவா இருக்கிறது. அதே மக்கள், அதே மொழி, இரு கரையிலும் உறவுகள். அங்கே இந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, ஒரு நோய் கடலை எப்படித் தாண்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிருமி தானாகக் கடல் கடப்பதில்லை. மனித உடலில் ஏறித்தான் வர வேண்டும், வந்து சேரும்வரை ஏதாவதோர் உடலில் உயிரோடு இருக்கவும் வேண்டும். இன்ஃபுளுவென்சா தொற்றியவருக்கு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் காய்ச்சல் வந்துவிடும். சில நாட்கள் அவர் பிறருக்குப் பரப்புவார். பிறகு குணமாவார் அல்லது இறப்பார். ஆகவே ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க ஏறத்தாழ மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரக் கப்பல் நூறு நாள் எடுத்துக்கொண்ட காலத்தில், கரைசேரும்வரை நோய் உயிரோடிருக்க முப்பதுக்கும் மேற்பட்ட கைமாற்றங்கள் அறுபடாமல் நடந்திருக்க வேண்டும். கப்பலில் இருப்பவர்களோ சில நூறு பேர். எல்லோருக்கும் வந்து தீர்ந்ததும், தொற்றிக்கொள்ள ஆளில்லாமல் நோய் நடுக்கடலிலேயே அணைந்துவிடும். பல நூற்றாண்டுகள் பசிபிக் தீவுகளைக் காத்தது இந்தக் கணக்குதான். தூரத்தைவிட, தூரம் எடுத்துக்கொண்ட நேரமே காவலாக இருந்தது.

நீராவிக் கப்பல் இந்தக் கணக்கை உடைத்துவிட்டது. டாலூனுக்கு ஏறக்குறைய எட்டு நாள் போதுமாக இருந்தது. மூன்று கைமாற்றம் நடந்தால் நோய் கரை சேர்ந்துவிடும். நெரிசலான கப்பலில் அதற்கு என்ன தடை?

கப்பலின் வேகம் பறித்துக்கொண்ட நாட்களைத் திருப்பிக் கொடுப்பதே தனிமைப்படுத்தல். வந்த கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைப்பது, பயணத்தின் நீளத்தைச் செயற்கையாகக் கூட்டுவதற்குச் சமம். அமெரிக்கச் சமோவாவின் ஆளுநராக இருந்த கடற்படை அதிகாரி ஜான் போயர் இதைத்தான் செய்தார். வானொலிச் செய்திகளில் நோயின் போக்கைக் கேட்டறிந்து, வரும் கப்பல்களை ஐந்து நாள் காத்திருக்க வைத்தார். நோய் அரும்பும் காலம் மூன்று நாள் என்றால், ஐந்து நாளில் அது தன்னைக் காட்டியே தீர வேண்டும். இதில் முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு: நான்காம் நாள் கப்பலில் புதிதாக ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தவறவிட்டால் எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை.

கப்பலை நிறுத்துவது எளிது, தோணியை நிறுத்துவது கடினம். மேற்குச் சமோவாவின் உபோலு தீவிலிருந்து சொந்தங்களைப் பார்க்கச் சிறு படகில் வருபவரைத் தடுக்க எந்த அதிகாரியாலும் தனியாக முடியாது. அமெரிக்கச் சமோவாவின் முக்கியத் தீவான டுட்டுவிலாவின் ஊர்க்காரர்களே முறைவைத்துக் கடற்கரையில் காவல் நின்றார்கள், வந்த படகுகளைத் திருப்பி அனுப்பினார்கள். பிற்பாடு போயருக்கு 'நேவி கிராஸ்' பதக்கம் கிடைத்தது. இருட்டில் கரையில் நின்று சொந்தக்காரர்களையே திரும்பிப் போகச் சொன்னவர்களின் பங்கு அதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் காவல் 1920 வரை நீடித்தது.

மேற்கில் நிலைமை நேர்மாறு. அங்கே நிர்வாகம் நியூசிலாந்து ராணுவத்தின் கையில், கர்னல் ராபர்ட் லோகனின் தலைமையில் இருந்தது. அமெரிக்கச் சமோவாவிலிருந்து மருத்துவ உதவி தர முன்வந்தபோது லோகன் அதை ஏற்கவில்லை. அமெரிக்கச் சமோவாவின் தலைநகரான பாகோ பாகோவுடன் இருந்த கம்பியில்லாத் தந்தித் தொடர்பையும் துண்டித்தார். இதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

கிருமி ஒன்றுதான் என்றால், மேற்குச் சமோவாவில் மட்டும் ஏன் இத்தனை சாவு? தீவு மக்களின் உடல்வாகு பலவீனமானது என்று அந்நாளில் பலர் எழுதினார்கள். முன்பு வந்துபோன இன்ஃபுளுவென்சாக்களோடு அதிகம் பழகாத உடல்கள் அவை என்பது உண்மை. ஆனால் விடையின் பெரும்பகுதியை உடலில் தேட வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் போதும்.

சமோவாவின் மரபான வீடு 'ஃபலே'. சுவர் கிடையாது; தூண்களின் மேல் கூரை, தரையில் பாய். அதில் பத்துப் பேர் இருக்கிறார்கள், நோய் ஒவ்வொருவரையும் ஒரு வாரம் படுக்கவைக்கிறது என்று கொள்வோம். பத்து வாரங்களில் ஒருவர் மாற்றி ஒருவராக விழுந்தால், எப்போதும் ஒன்பது பேர் எழுந்து நடமாடுவார்கள். தண்ணீர் வரும், அடுப்பு எரியும், படுத்திருப்பவரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் இருக்கும். பத்துப் பேரும் ஒரே வாரத்தில் விழுந்தால்? குடம் காலியானால் நிரப்ப எவருமில்லை. சேம்பு தோட்டத்தில் முற்றிக் கிடக்கும், தோண்ட ஆளிருக்காது. பிழைத்திருக்கக்கூடியவரும் தாகத்தால், பசியால், நுரையீரலில் பின்தொடர்ந்து வரும் பாக்டீரியாத் தொற்றால் போய்விடுவார். இரண்டு கணக்கிலும் நோயாளிகள் பத்துப் பேர்தான். சாவின் எண்ணிக்கை மட்டும் ஒன்றாக இருக்காது.

ஆபியாவில் நடந்தது இரண்டாவது கணக்கு. ஒரு கப்பலின் நோய் ஒரு வாரத்துக்குள் உபோலுவிலும் பக்கத்துத் தீவான சவாயியிலும் ஊர் ஊராகப் பரவிவிட்டது. பாயில் சுற்றிய உடல்கள் வாகனங்களில் ஏற்றப்பட்டு வைமோசோவில் பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டன. ஆண்களில் நூற்றுக்கு முப்பது பேர், பெண்களில் இருபத்திரண்டு பேர், குழந்தைகளில் பத்துப் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. குடும்பத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு தலைமுறையாகவே போனார்கள். நியூசிலாந்து ஆட்சிக்கு எதிராக அடுத்த ஆண்டுகளில் வளர்ந்த 'மாவ்' இயக்கத்துக்கு இந்த வேதனையும் ஒரு காரணம். 2002இல்தான் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆபியாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

நோயை வெளியே நிறுத்திவிட்டால் போதுமா என்றால், போதாது. தனிமைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது.

வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளுக்கு 1846இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த தச்சர் ஒருவர் தட்டம்மையைக் கொண்டுவந்தார். 1781க்குப் பிறகு அந்தத் தீவுகளில் அம்மை வந்ததில்லை. மொத்தம் சுமார் 7,800 பேரில் 6,000 பேர் சில மாதங்களுக்குள் நோயில் விழுந்தார்கள். அதை ஆராயப் போன பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் ஓர் அதிசயத்தைக் கண்டார்: 65 ஆண்டுகளுக்கு முன் சிறுவயதில் அம்மை கண்டிருந்த முதியவர்கள் ஒருவரைக்கூட இந்த முறை நோய் தொடவில்லை. ஒரு முறை பட்ட உடல் ஆயுளுக்கும் மறப்பதில்லை. அதன் பின் பிறந்தவர்களோ, அறுபது வயதானாலும், நோய்க்குப் புது ஆட்கள்தான்.

தட்டம்மை ஓரிடத்தில் நிலைத்திருக்க, தொற்றிக்கொள்ளப் புதிய குழந்தைகள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சில லட்சம் பேராவது வாழும் ஊர் தேவை. சிறு தீவில் நோய் வரும், எல்லோரையும் தொடும், தீனி இல்லாமல் அணையும். அடுத்த கப்பல் வரும்வரை பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் காய்ந்த விறகாய் அடுக்கில் சேரும். இடைவெளி நீள நீள அடுக்கு உயரும். 1875இல் சிட்னியிலிருந்து திரும்பிய மன்னர் தகோம்பாவின் பரிவாரத்தோடு ஃபிஜிக்குள் நுழைந்த தட்டம்மை சுமார் 40,000 பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. கடல் தந்த அவகாசம் அப்படியே கடனாகவும் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்தக் கடனை நோயில்லாமல் அடைக்கும் ஒரே வழி தடுப்பூசி. சமோவா இதை மிகக் கசப்பான முறையில் அனுபவித்தது. 2018இல் தடுப்பூசி மருந்தைக் கலக்கும்போது நேர்ந்த தவறால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, பெற்றோரின் நம்பிக்கையும் குலைந்தது. அந்த ஆண்டு ஒரு வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தட்டம்மைத் தடுப்பூசி பெற்றார்கள். விறகு உலர்ந்து கிடந்தது. 2019இல் தட்டம்மை வந்தது, இம்முறையும் ஆக்லாந்திலிருந்துதான். தொற்றியவருக்குக் காய்ச்சல் தெரியப் பத்து நாள் ஆகும். விமானப் பயணமோ நான்கு மணி நேரம். காய்ச்சல் பார்த்துப் பயணியைத் தடுக்கும் எந்த எல்லைச் சோதனையும் இங்கே செல்லாது. சுமார் இரண்டு லட்சம் மக்கள்தொகையில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள்.

டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களையும் கடைகளையும் மூடி, மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். தடுப்பூசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். அந்தத் துணியைப் பார்த்துச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

அடுத்த மூன்று மாதங்களில் உலகெங்கும் கோவிட் பரவியது. 2020 மார்ச்சில் சமோவா தன் எல்லையை மூடியது. வெளிநாட்டில் சிக்கிய சொந்தக் குடிமக்கள்கூட, அவ்வப்போது அனுமதிக்கப்பட்ட விமானங்களில் வந்து தனிமை மையங்களில் நாட்களைக் கழித்த பிறகே வீடு போக முடிந்தது. 1918இல் போயர் துறைமுகத்துக்கு வெளியே கூட்டிய நாட்களை இவர்கள் விமான நிலையத்துக்கு வெளியே கூட்டினார்கள். 2022 ஜனவரியில் பிரிஸ்பேனிலிருந்து வந்த ஒரே விமானத்தில் பலருக்குத் தொற்று இருந்தது. அது அப்போது ஊருக்குள் வேர்பிடிக்காமல் தடுக்கப்பட்டது.

இரண்டு ஆண்டு மூடல் எளிதாகக் கழியவில்லை. சுற்றுலாவை நம்பியவர்களின் பிழைப்பு போனது. வெளிநாட்டில் இறந்தவர்களின் அடக்கத்துக்குப் போக முடியாத குடும்பங்கள் ஏராளம். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் வீணாகவில்லை. அவகாசம் கையில் இருந்தபோதே, ஊசிக்குத் தகுதியுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டார்கள். 2022 மார்ச் நடுவில், வெளிநாடு செல்லவிருந்த ஒரு பெண்ணுக்குப் பரிசோதனையில் தொற்று தெரிந்தபோது, ஊருக்குள் நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. உடனே ஊரடங்கு அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். இறந்தவர்கள் முப்பது பேரை ஒட்டித்தான்.