மாசியில் பார்க்கும் மனை, ஆடியில் வரும் கடல்

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தவுடன் ஆண்டுதோறும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வருகின்றன. கடல் மட்டம் உயர்ந்து சுற்றுச்சுவர் சரிந்துவிட்டது, எத்தனை லோடு கல் போட்டால் நிற்கும் என்று, கடலோரத்தில் பத்து சென்ட் வாங்கியவர் ஒருவர் கேட்பார். கடலோர நிலவியல் ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நான் இந்த முறை மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கம் அண்மையில் பார்த்த ஒரு குடும்பம், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணம் முழுவதையும் மணலில் போட்டிருந்தது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, முன்னால் நின்ற மணல்மேட்டைப் பொக்லைன் வைத்து நிரவியே அந்த மனையை விற்றிருக்கிறார்கள்.

கடல் மட்டம் உயர்வது உண்மைதான். வெப்பத்தால் நீர் விரிவதாலும் நிலத்தின் மேலுள்ள பனி உருகிச் சேர்வதாலும், 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்தது, 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மி.மீ. என வேகமும் கூடியது. அப்படிப் பார்த்தாலும் பத்தாண்டுக்கு நான்கு செ.மீ.யை எட்டாது. மட்டம் உயரும் அளவைப் போல் ஐம்பது முதல் நூறு மடங்கு வரை மணற்கரை பின்வாங்கலாம் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அதன்படி பத்தாண்டுக்கு இரண்டு முதல் நான்கு மீட்டர் வரும். ஆனி, ஆடி அலையோ சில வாரங்களிலேயே அதைவிட அகலமான கரையை அள்ளிச் செல்லக்கூடியது. அள்ளிய மணல் பெரும்பாலும் தொலைவதில்லை. கரைக்குச் சற்று வெளியே நீரடியில் திட்டாகப் படிந்து, அலை தணிந்தபின் மெல்லத் திரும்புகிறது. மாசி, பங்குனியில் மனை பார்க்க வருபவருக்குக் கரை தன் முழு அகலத்தோடு தெரியும். வாங்கியவர் சில மாதங்களில் இழப்பது, கடல் ஆண்டுதோறும் எடுத்துத் திருப்பித் தரும் அந்த இடத்தைத்தான்.

திரும்பிவர வேண்டிய மணல் திரும்பாதபோதுதான் கரை நிலையாகக் குறைகிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்குப் பின்னால் தேங்கும் மணல் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துக்கு வந்து சேர்வதில்லை. ஆற்றில் அள்ளிய மணலும் அப்படியே. ஓர் ஊரைக் காக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பான தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைச் சேர்த்து, மணல் நகரும் திசையில் அடுத்துள்ள ஊரைப் பட்டினி போடுகிறது. உயரும் கடல் மட்டம் இந்தக் குறையை ஆண்டுக்காண்டு மோசமாக்குகிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டால், கைக்கெட்டும் காரணங்களை எவரும் கேட்கமாட்டார்கள்.

நம் மாவட்டக் கரையின் வடிவமே கடல் மட்டத்தின் வரலாறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்படலங்கள் கண்டங்களின் மேல் நீரைக் கட்டி வைத்திருந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நிலவழி இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது ஆற்றுப் பள்ளங்களின் கடைப்பகுதிகளில் நீர் புகுந்தது. அலை அவற்றின் வாயில் மணலை அடைத்தது. பழையாறு சேரும் மணக்குடிப் பொழி அவ்வாறு மணல் திட்டால் மூடித் திறக்கும் முகத்துவாரம். முட்டத்தில் கடினப்பாறை அலையைத் தாங்கி நிற்கிறது. மேலே உள்ள செம்மணலோ மழைக்கே கரைகிறது. ஆகவே பாறைக் குன்றின் விளிம்பும் பாதுகாப்பான இடமன்று.

மேற்சொன்ன மனையின் அஸ்திவாரக் குழியில் இறங்கிப் பார்த்தேன். வெண்மணலுக்கு இடையே விரல்தடிமனில் கருமணல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பெரிய அலை ஏறி, இலேசான மணலை இழுத்துச் சென்று, கனமான கனிமங்களை விட்டுப்போன தடம் அது. எங்கள் தொழிலில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. குழி தோண்டியவரும் அதைப் பார்த்திருக்கிறார். பொருள் கேட்கத்தான் ஆளில்லை.

மனை வாங்குவதற்கு முன் ஆடியில் ஒருமுறை, கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வந்து பாருங்கள். அருகிலுள்ள மீனவ ஊரின் மூத்தவர்களிடம் அலை எதுவரை வந்தது என்று கேளுங்கள். பத்திரத்தைவிட அது நம்பத்தக்கது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம் இருப்பதால், அதன் வரைபடத்தைக் காணாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டை நிரவாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்; புயலலை வரும் நாளில் கரைக்குக் கொடுக்க வேண்டிய மணல் அங்கேதான் இருக்கிறது. செங்குத்தான சுற்றுச்சுவர் எழுப்பாதீர்கள். மோதிய அலை திரும்பும்போது சுவரின் அடியையே தோண்டும்.

காற்றில்லாத தெளிந்த நாளிலும், தொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் பிறந்த அலை கள்ளக்கடலாக வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை இழந்தோம். எச்சரிக்கை வந்த நாளில் கரையிலும் பாறையிலும் நிற்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வீட்டை மனையின் பின்கோடியில், மேட்டுக்கு இப்பால் கட்டுங்கள். கிணற்று நீரின் உப்பைக் கோடைதோறும் சோதியுங்கள். கல் லோடு இறக்கும் முன் அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்று பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.