ஒரு மாதிரியை இரண்டு குழு திருத்தினால்: கணினி எப்படிச் சேர்க்கிறது?

குன்னூரில் தேயிலைக் கூட்டுறவு ஒன்றின் கணினிப் பிரிவில் இருக்கும் வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் நிறுவனக் கட்டமைப்பு மாதிரியை இங்குள்ள கணக்குக் குழுவும் கூடலூர் தொழிற்சாலைக் குழுவும் தனித்தனியாகத் திருத்துகிறோம். மாதக் கடைசியில் சேர்க்கும்போது யாராவது ஒருவருடைய வேலை காணாமல் போகிறது. ஏன்?"

பச்சைத்தேயிலைக் கொள்முதல், எடைச் சீட்டு, விலைக் கணக்கு, விவசாயிக்குப் பட்டுவாடா, ஏலம் என்று நிறுவனம் செய்யும் வேலைகளையும், அவற்றுக்கு உதவும் மென்பொருள்களையும், அவை ஓடும் கணினிகளையும், இவற்றுக்கு இடையிலான உறவுகளையும் பதிந்து வைப்பதுதான் இந்த மாதிரி. 'தி ஓப்பன் குரூப்' பராமரிக்கும் ஆர்க்கிமேட் இதற்கான பிரபலமான குறிமொழி. திரையில் தெரியும் படம் மாதிரியின் ஒரு பார்வை மட்டுமே. உள்ளே இருப்பது உறுப்புகளும் உறவுகளும் கொண்ட வலை.

மோதலைத் தவிர்க்கப் பழைய வழி, பூட்டு. ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொட முடியாது. கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்க 1970களில் வந்த எஸ்சிசிஎஸ் என்ற மென்பொருள் அப்படித்தான் வேலை செய்தது. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கூடலூர்ப் பக்கம் இணைப்பு அறுந்துவிட்டால், பூட்டியவர் திறக்கும்வரை குன்னூரில் வேலை நின்றுவிடும். மலையில் வேலை செய்பவர்களுக்கு, அவரவர் பிரதியில் திருத்திவிட்டுப் பிறகு சேர்ப்பதே ஒத்துவரும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற பதிப்புப் பராமரிப்பு மென்பொருள் இந்த வழியில் நடப்பதுதான்.

சேர்ப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு பிரதிகளை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும், மாற்றியது யார் என்று தெரியாது. குன்னூர் பிரதியில் 'எடைச் சீட்டு' இருக்கிறது, கூடலூர் பிரதியில் இல்லை. குன்னூர் புதிதாகச் சேர்த்ததா, கூடலூர் நீக்கியதா? இரண்டு பிரதிகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. எல்லைக்கல் தகராறில் அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு வரைபடம் நீட்டினால், சர்வேயர் மூலப்பத்திரத்தைத்தானே கேட்பார்? இங்கும் அதேதான். இரண்டு பிரதிகளும் எந்தப் பொதுப் பதிப்பிலிருந்து பிரிந்தனவோ, அந்த மூலத்தை மூன்றாவதாக எடுத்து வைக்கிறது கிட். மூலத்திலேயே எடைச் சீட்டு இருந்தால், கூடலூர் நீக்கியிருக்கிறது. மூலத்தில் இல்லையென்றால், குன்னூர் சேர்த்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மூலத்திலிருந்து மாறியிருந்தால் அந்த மாற்றத்தை ஏற்கலாம். இரு பக்கமும் ஒரே மாதிரி மாறியிருந்தாலும் சிக்கல் இல்லை. இரு பக்கமும் வெவ்வேறாக மாறியிருந்தால் மட்டுமே மோதல். மூலத்தைப் பார்க்காமல், கடைசியாகச் சேமித்த கோப்பை மேலே வைத்து எழுதிவிடுவதால்தான் வாசகரின் குழுவில் வேலை காணாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு உறுப்புக்கும் மாறாத அடையாள எண் வேண்டும். எண் இல்லாமல், வடிவத்தை மட்டும் வைத்து இரண்டு வலைகளில் எது எதற்குச் சமம் என்று தேடுவது, வலை பெரிதாகப் பெரிதாகக் கணினியைத் திணறவைக்கும் கணக்கு. எண் இருந்தால் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். 128 பிட் நீளத்தில் தற்செயலாக உருவாக்கும் எண் என்பதால், இணைப்பே இல்லாத கூடலூரிலும் புது உறுப்பைச் சேர்க்கலாம். குன்னூரில் பிறக்கும் எண்ணோடு அது மோத நடைமுறையில் வாய்ப்பில்லை. இத்தகைய மாதிரிகளை வரைய உதவும் ஆர்ச்சி என்ற இலவச மென்பொருளின் கோஆர்ச்சி துணைநிரல், ஒவ்வொரு உறுப்பையும் தனிக் கோப்பாகப் பிரித்து கிட்டிடம் கொடுக்கிறது.

இதிலும் ஒரு பொறி உண்டு. குன்னூர் குழு பழைய எடைச் சீட்டு மென்பொருளை நீக்குகிறது. அதே வாரம் கூடலூர் குழு அதிலிருந்து விலைக் கணக்குக்கு ஒரு புது உறவை வரைகிறது. தொட்டவை வெவ்வேறு கோப்புகள். வெறும் கிட்டுக்கு மோதலே தெரியாது, சத்தமில்லாமல் சேர்த்துவிடும். விளைவு, ஒரு முனை அந்தரத்தில் தொங்கும் உறவு. அதனால் சேர்த்து முடித்ததும், ஒவ்வொரு உறவின் இரு முனைகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

ஆலோசகர்களை வரவழைத்து மாதிரி வரைய வைத்து, பிடிஎஃப் ஆக வாங்கி அலமாரியில் வைக்கப் பொதுப்பணம் செலவாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் ஒரு பங்கைக் கோவைக் கல்லூரிகளில் இந்த வலைச் சேர்ப்புக் கணக்கை ஆராயும் மாணவர்களுக்குக் கொடுத்தால், கருவிகளும் நம் கையில் இருக்கும், அறிவும் இங்கேயே தங்கும்.

கருவியால் பிடிக்கவே முடியாத மோதல் ஒன்றும் உண்டு. குன்னூரில் 'உறுப்பினர் பட்டியல்', கூடலூரில் 'இலை தரும் விவசாயிகள்' என்று இரண்டு உறுப்புகள் பிறக்கின்றன. எண் வேறு, பெயர் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் இணைத்துவிடலாம். உறுப்பினர் அல்லாதவர்களிடமும் இலை வாங்கும் தொழிற்சாலையாக இருந்தால் அது தவறு. உறுப்பினருக்குத்தான் தேர்தலில் ஓட்டு, இலை தந்தவர் எல்லோருக்கும் பட்டுவாடா. இதைத் தீர்க்கக் கொள்முதல் மையத்தில் எடை போடுபவரிடம் கேட்க வேண்டும், மாதிரி வரைபவர்கள் தங்களுக்குள் முடிவெடுக்கக்கூடாது. எடுத்த முடிவையும் காரணத்தையும் கமிட் குறிப்பில், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது கூடவே எழுதும் குறிப்பில், எழுதி வையுங்கள்.

மாதக் கடைசிவரை காத்திருக்காமல், இணைப்பு கிடைக்கும் நாளெல்லாம் சேருங்கள். மூலம் பக்கத்தில் இருக்க இருக்க, இருவரும் ஒரே இடத்தை மாற்றியிருக்கும் வாய்ப்பு குறையும். படத்தில் பெட்டிகள் இடம் மாறியதால் மட்டும் வரும் மோதல்களுக்கு யாருடையதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கூட்டம் போட வேண்டாம்.