வேலை போனால் சொக்சோ தரும் உதவித்தொகை: மனு மறுக்கப்படுவது ஏன், இரண்டு வேலை பார்ப்பவருக்கு என்ன உரிமை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ ஒரு தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்யும்போது தொழிலாளியிடம் நீட்டப்படும் கடிதம் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். நிறுவனமே வேலையை முடிவுக்குக் கொண்டுவருவதாகச் சொல்வது ஒரு வகை. "நான் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று தொழிலாளியை எழுதிக் கொடுக்கச் சொல்வது இன்னொரு வகை. இரண்டாவது கடிதத்தில் கையெழுத்திட்டால் கணக்கு விரைவில் முடியும், அடுத்த வேலைக்குப் போகும்போது பெயரும் கெடாது என்று சொல்லப்படுவதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகத்தில் "நீங்களாகவே விலகியதால் தகுதியில்லை" என்ற பதிலோடு திரும்பியவர்களை நான் அறிவேன். மறுக்கப்பட்ட மனு ஒன்றை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், வேலை முடிந்ததற்கு அந்தக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சொக்சோ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பெர்கேசோ நிறுவனம், 2017ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டத்தின்கீழ் (800ஆம் எண் சட்டம்) இந்த உதவித்தொகையை வழங்குகிறது. சட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் துறையில் வேலை செய்யும் 18 முதல் 60 வயது வரையிலான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதில் அடங்குவர். முதலாளி 0.2 விழுக்காடும் தொழிலாளி 0.2 விழுக்காடும் சந்தா செலுத்துகின்றனர். சந்தா கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு முதலில் 4,000 ரிங்கிட்டாக இருந்து, 2022 செப்டம்பரில் 5,000 ஆகி, 2024 அக்டோபரில் 6,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2,500 ரிங்கிட் சம்பளக்காரரிடம் சந்தா அட்டவணைப்படி மாதம் 4 ரிங்கிட் 90 சென் மட்டுமே பிடிக்கப்படுவதால், சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆயினும், முதல் முறை மனுச் செய்பவர் வேலை இழப்பதற்கு முந்திய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதால், அந்தச் சிறு தொகை மாதந்தோறும் சேர்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மனு மறுக்கப்படுவதற்கான காரணங்களில் முக்கியமானது வேலை இழந்த விதம். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல் அல்லது நொடித்துப்போதல், விருப்ப விலகல் திட்டம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் வேலை போனால் அது சட்டம் ஏற்கும் வேலையிழப்பு. பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ விலக நேர்ந்தவரையும், தன் பணியில் சேராத ஆபத்தான வேலையைச் செய்யும்படி வற்புறுத்தப்பட்டு விலகியவரையும் சட்டம் காக்கிறது. சொந்த விருப்பத்தில் விலகியவர், ஓய்வு பெற்றவர், ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர், ஒப்பந்தக் காலம் முடிந்ததால் வெளியேறியவர் ஆகியோருக்கு உதவித்தொகை இல்லை. இந்தக் கடைசி வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈராண்டு ஒப்பந்தம் ஈராண்டு முடிந்து நின்றால் உரிமை இல்லை. அதே ஒப்பந்தத்தை ஆட்குறைப்பின் பெயரில் நிறுவனம் பதினான்காம் மாதத்திலேயே முறித்தால் உரிமை உண்டு. ஆகவே "நான் ஒப்பந்த ஊழியர், எனக்குக் கிடைக்காது" என்று யாரும் தாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது.

விருப்ப விலகல் திட்டம் என்ற பெயரிலும் குழப்பம் நேர்கிறது. நிறுவனம் ஆட்களைக் குறைப்பதற்காக இழப்பீட்டோடு அறிவிக்கும் திட்டத்தை ஏற்று விலகுவது சட்டம் ஏற்கும் வேலையிழப்பு. அப்படி எந்தத் திட்டமும் இல்லாமல், மேலாளர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக எழுதிக் கொடுக்கும் விலகல் கடிதம் வெறும் ராஜினாமாவாகவே கொள்ளப்படும். கடிதத்தில் திட்டத்தின் பெயரும் இழப்பீட்டு விவரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்வதில் தவறேதும் இல்லை.

அடுத்த தடை காலக்கெடு. வேலை இழந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். நிறுவனம் தரவேண்டிய இழப்பீடு வரட்டும், சேமநிதிக் கணக்கைச் சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தே பலர் இந்த நாள்களை இழக்கின்றனர். இழப்பீடும் இந்த உதவித்தொகையும் தனித்தனி உரிமைகள். ஒன்றைப் பெற்றால் மற்றது பறிபோகாது. இணையத்தில் மனுச் செய்யச் சிரமப்படுபவர்கள் அடையாள அட்டை, வேலைநீக்கக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்திற்கு நேரில் செல்லலாம்.

தொகை எவ்வளவு? வேலை தேடுவோர் உதவித்தொகைக்குச் சட்டம் முதலில் வகுத்த விகிதம், முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 என்பதாகும். எத்தனை மாதம் கிடைக்கும் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. உச்சம் ஆறு மாதம். கணக்கிடப்படுவது கைக்கு வந்த சம்பளம் அன்று. சந்தா அட்டவணையில் அந்தச் சம்பளப் படிக்குக் குறிக்கப்பட்டுள்ள தொகை. 2,500 ரிங்கிட் சம்பளத்திற்கு அது 2,450. எனவே முதல் மாதம் 1,960 ரிங்கிட், இரண்டாம் மாதம் 1,225, ஆறு மாதமும் முழுமையாகப் பெற்றால் மொத்தம் 6,615 ரிங்கிட். அந்தந்த மாதம் வேலை தேடியதற்கான சான்றைக் காட்டினால்தான் பணம் தொடர்ந்து வரும். எங்கே விண்ணப்பித்தீர்கள், எந்த நாளில் நேர்காணலுக்குப் போனீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது, பிறகு அலைவதைவிட எளிது.

இனி பாதி வேலையில் இருப்பவர்களின் நிலை. கேள்விகள் குவிவதும் தவறான நம்பிக்கைகள் பரவுவதும் இந்த இடத்தில்தான். பகலில் தொழிற்சாலையிலும் வார இறுதியில் ஒரு பேரங்காடியிலும் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பகுதிநேர ஊழியருக்கும் சந்தா கட்டுவது முதலாளியின் கடமை என்பதால், இரண்டு முதலாளிகளும் அவருக்காகச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். தொழிற்சாலை அவரை ஆட்குறைப்பில் நீக்கிவிட்டது, பேரங்காடி வேலை மட்டும் இருக்கிறது என்றால், அவர் முழுமையாக வேலையற்றவர் அல்லர். ஆனாலும் உரிமையற்றவர் அல்லர். அவருக்காகவே சட்டத்தில் வருமானக் குறைவு உதவித்தொகை என்ற தனி வகை இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வேலையில் இருந்து, அவற்றில் ஒன்றையாவது இழந்து, வேறொன்றில் தொடர்பவருக்கு அது ஒரே தவணையில் வழங்கப்படுகிறது. "இன்னொரு வேலை இருக்கிறதே" என்று மனுச் செய்யாமல் விட்டுவிட்டால் 60 நாள் கடந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஒரே முதலாளியிடம் வேலை செய்பவருக்கு ஆறு நாள் வேலை மூன்று நாளாகக் குறைந்து, சம்பளமும் பாதியாகிவிட்டால், பெயரைப் பார்த்து இந்த உதவித்தொகை தனக்கும் பொருந்தும் என்று அவர் நினைப்பது இயல்பே. ஆனால் அங்கே எந்த வேலையும் இழக்கப்படவில்லை என்பதால் அது கிடைக்காது. சம்மதமின்றிச் சம்பளத்தைக் குறைத்தது சரியா என்பது தொழிலாளர் இலாகாவிடம் கொண்டுபோக வேண்டிய வேறொரு வழக்கு. உணவு விநியோகம், வாடகைக் கார் ஓட்டுதல் போன்ற தொழில் செய்பவர்கள் சுயதொழில் புரிவோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சந்தா கட்டினாலும், அது வேலையில் நேரும் விபத்துக்கான பாதுகாப்பு. வேலையிழப்புக் கணக்கில் அது சேராது.

உதவித்தொகை பெறும் காலத்தில் புதிய வேலை கிடைத்தால், அது குறைந்த சம்பளமாக இருந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். பொய்த் தகவல் தருவது குற்றமுமாகும். தெரிவிப்பதால் நட்டமில்லை, ஏனெனில் விரைவில் வேலைக்குத் திரும்புபவருக்கு, எஞ்சியிருந்த உதவித்தொகையில் 25 விழுக்காட்டைத் தருவதற்கும் சட்டம் வழிசெய்துள்ளது. மேற்கண்ட கணக்கில் ஆறு மாத உரிமை உள்ளவர் இரண்டு மாதத் தொகை பெற்றபின் வேலையில் சேர்ந்தால், மீதமுள்ள 3,430 ரிங்கிட்டில் 857 ரிங்கிட் 50 சென் அவருக்கு உண்டு.

சந்தா குறைவு என்று மனு மறுக்கப்பட்டால், சம்பளச் சீட்டில் பிடித்த தொகை சொக்சோ பதிவில் இருக்கிறதா என்று மாதவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டது முதலாளியின் குற்றம் என்பதால், சீட்டுகளை இணைத்து எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வேறு காரணத்தால் மறுக்கப்பட்டால், முடிவை மறுபரிசீலனை செய்யும்படி தாமதிக்காமல் பெர்கேசோவிடமே கேட்கலாம். அதிலும் நிறைவில்லையெனில் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மிரட்டியோ ஏமாற்றியோ விலகல் கடிதம் வாங்கப்பட்டிருந்தால் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகத் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். அதற்கும் கெடு 60 நாள்தான். சொக்சோவின் பதில் வந்தபின் பார்க்கலாம் என்றிருந்தால் அந்தக் கெடு இடையிலேயே முடிந்துவிடக்கூடும். ஆகையால் இரண்டு மனுக்களையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டிலும் வேலை முடிந்த தேதியும் காரணமும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கட்டும்.