எக்ஸ்ட்ராக்டர்: பிரித்தெடுப்பானா, மதிப்பெடுப்பானா?

ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினால் இணையதளம் தாங்குமா என்று பார்ப்பது சுமைச் சோதனை, அதற்கான மென்பொருள் ஜேமீட்டர். சர்வர் அனுப்பும் மறுமொழியிலிருந்து வேண்டிய மதிப்பை எடுக்கும் அதன் உறுப்பு எக்ஸ்ட்ராக்டர். அதைத் தமிழில் 'பிரித்தெடுப்பான்' என்று எழுதுகிறார்கள். லத்தீனில் 'எக்ஸ்' வெளியே, 'த்ராஹெரே' இழு. சொல்லின் வேர் இவ்வளவுதான்.

காங்கேயத்தில் கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் வேறு, பிண்ணாக்கு வேறு, கொப்பரை மிஞ்சுவதில்லை. அதுதான் பிரித்தெடுத்தல். சர்வரின் மறுமொழியிலிருந்து ஆர்டர் எண்ணை எடுக்கும்போது மறுமொழிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே சாம்ப்ளரின் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் உறுப்பு) கீழ் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்ட்ராக்டர் (எழுத்து வடிவத்தைக் கொண்டு தேடுவது), ஜேசான் எக்ஸ்ட்ராக்டர் (ஜேசான் வடிவத் தரவில் தேடுவது) இரண்டையும் வைத்தாலும் இரண்டும் முழு மறுமொழியைத்தான் பார்க்கும். 'பிரித்தெடுப்பான்' என்று படித்தவர், இரண்டாவதற்கு மிச்சம்தான் கிடைக்கும் என்று நினைத்தால் பிழை அவருடையதல்ல. போதாக்குறைக்கு, ஒரு வரியைக் காற்புள்ளிதோறும் துண்டாக்குவதற்கும் 'பிரித்தல்' வேண்டும். அதையும் இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதைச் சொல்வது?

மூலம் குறையாமல் எடுப்பதற்குத் தமிழில் வழி உண்டு: அளவெடுக்கிறோம், கணக்கெடுக்கிறோம், குறிப்பெடுக்கிறோம். அந்த வரிசையில் மதிப்பெடுத்தல், கருவி மதிப்பெடுப்பான். 'மதிப்பு' மரியாதையைக் குறிக்காதா என்பார்கள். மாறியின் மதிப்பு என்று பள்ளிக் கணக்கிலேயே படித்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது.

இதைவிடக் கெடுதல் 'பிரித்தெடுத்துச் சேமிக்கும்' என்ற தொடர். எக்ஸ்ட்ராக்டர் கோப்பில் எதையும் எழுதாது; மாறியில் வைக்கும். அந்த மாறி அந்தந்த இழைக்கே (ஒரு பயனராக நடிக்கும் ஓட்டம்) சொந்தம், சோதனை முடிந்தால் போய்விடும். கோப்பில் வேண்டுமென்றால் யூசர்.பிராப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் 'சாம்பிள்_வேரியபிள்ஸ்' என்ற பண்புக்கு மாறியின் பெயரைக் கொடுத்து, ஜேமீட்டரை மூடித் திறந்து, முடிவுகளைக் கோப்பில் எழுதும் சிம்பிள் டேட்டா ரைட்டருக்கு ஒரு சிஎஸ்வி கோப்பைக் காட்ட வேண்டும். மதிப்பு தனி நெடுவரிசையில் வரும். 'சேவ் ரெஸ்பான்சஸ் டு எ ஃபைல்' என்ற உறுப்புக்கு வேறு வேலை: முழு மறுமொழியையும் கோப்பாக்கும். இரண்டுக்கும் 'சேமி' என்றே மொழிபெயர்த்தால் படிப்பவர் எதைத் தேர்வார்? எடு, வை, எழுது என்று மூன்று வினைகளாக எழுதுங்கள்.

இவை இல்லாமல் க்ரூவி மொழி நிரலால் நேரடியாகக் கோப்பில் எழுதுவோர் கவனிக்க: பல இழைகள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதினால் வரிகள் கலந்துபோகலாம், ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டும் எழுதும்படி பூட்டு போட்டு எழுத வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்ட்ராக்டரில் இயல்பு மதிப்பை (தேடியது கிடைக்காதபோது மாறியில் வைக்க வேண்டியது) வெறுமையாக விட்டால், பொருந்தாதபோது மாறியில் முந்தைய சுற்றின் எண்ணே இருக்கும். கோப்பில் அதே ஆர்டர் இருமுறை வரும். 'கிடைக்கவில்லை' என்று நிரப்பிவிடுங்கள்.